தாதாபாய் நௌரோஜி: பஞ்சு வியாபாரி பிரிட்டிஷ் எம்.பி. ஆனது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தாதாபாய் நௌரோஜி என்றால் இரண்டு வரி: "இந்தியாவின் முதுபெரும் மனிதர்", "செல்வச் சுரண்டல் கோட்பாடு". அவர் பல வருடம் லண்டனில் கடை போட்டு உட்கார்ந்த வியாபாரி என்பது அந்த இரண்டு வரியில் வராது. என் பார்வையில் அவருடைய அரசியல் முழுக்க அந்தக் கடையின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. கீழே உள்ள பதில்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

சுருக்கமாக, யார் இவர்?

1825 செப்டம்பர் 4 அன்று பிறந்த பார்சி. பம்பாயில் கணிதப் பேராசிரியர், 1855 முதல் இங்கிலாந்தில் வியாபாரி, கொஞ்ச காலம் பரோடா சமஸ்தானத்தின் திவான், காங்கிரஸுக்கு மூன்று முறை தலைவர் (1886, 1893, 1906), 1892 முதல் 1895 வரை லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியின் எம்.பி. 1917 ஜூன் 30 அன்று பம்பாயில் காலமானார்.

அவரைப் புலம்பெயர்ந்தவர் என்று சொல்லலாமா? இந்தியாவுக்குத் திரும்பிவிட்டாரே?

சொல்லலாம். 29 வயதில் கப்பல் ஏறியவர், கடைசியாக ஊர் திரும்பியது 1907-ல், 80 வயதைத் தாண்டிய பிறகு. இடையில் பல தடவை பம்பாய் வந்து சில வருடங்கள் தங்கியிருக்கிறார். ஆனால் தொழில், வீடு, கட்சி, வாக்காளர்கள் எல்லாம் இங்கிலாந்தில். அங்கே போன பார்சிகள் ஒன்றுகூட 1861-ல் அமைத்த சங்கத்திலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டே வெளிநாட்டில் வயதாகிப்போகும் மனிதர்களை நமக்குத் தெரியும் அல்லவா, அந்த வகை.

பணக்காரக் குடும்பமா?

இல்லை. நவ்சாரியிலிருந்து வந்த பார்சி பூசாரிக் குடும்பம். நான்கு வயதில் அப்பா இறந்துவிட்டார். படிக்கத் தெரியாத அம்மா மானேக்பாய் மறுமணம் செய்துகொள்ளாமல் பையனைப் படிக்கவைத்தார். அன்றைய வழக்கப்படி 11 வயதில் தாதாபாய்க்குத் திருமணம். மனைவி குல்பாய்க்கு 7 வயது.

பள்ளியில் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்டிருந்தால் தன் படிப்பு நின்றிருக்கும் என்று அவரே பின்னாளில் சொன்னார். ஊரார் பணத்தில் படித்தேன், அதை ஊராருக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்தே தொடங்கியது. 1849-ல் அவரும் நண்பர்களும் பம்பாயில் பெண்களுக்கு இலவசப் பள்ளிகள் தொடங்கினார்கள்.

முதலில் சட்டம் படிக்கத்தான் இங்கிலாந்து போவதாக இருந்தாராமே?

ஆமாம். எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் படித்த விதத்தைப் பார்த்துவிட்டு, பம்பாய் நீதிபதி சர் எர்ஸ்கின் பெர்ரி ஒரு யோசனை சொன்னார்: பையனை பாரிஸ்டர் படிப்புக்கு அனுப்புவோம், பாதிச் செலவு என்னுடையது, மீதியைப் பார்சி சமூகம் போடட்டும். சமூகத்துப் பெரியவர்கள் தயங்கினார்கள். 1839-ல் பார்சிப் பையன்கள் சிலர் கிறிஸ்தவ மதத்துக்கு மாறியதில் பம்பாயே அல்லோலகல்லோலப்பட்டிருந்தது. இவனும் போய் மதம் மாறிவிட்டால்? திட்டம் அப்படியே நின்றது. அவர் அதே கல்லூரியில் ஆசிரியராகி, பிறகு கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பேராசிரியர் ஆனார். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

பேராசிரியர் வேலையை விட்டு யாராவது வியாபாரத்துக்குப் போவார்களா?

அன்றைக்கும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 1855-ல் காமா குடும்பத்தார் இங்கிலாந்தில் ஒரு வணிக நிறுவனம் தொடங்கினார்கள். லண்டனிலும் லிவர்பூலிலும் கிளை. பிரிட்டனில் இந்தியர்கள் நடத்திய முதல் நிறுவனம் என்று இதைச் சொல்வார்கள். தாதாபாய் அதில் ஒரு பங்குதாரர். அவருடைய 'ராஸ்த் கோஃப்தார்' பத்திரிகைக்குப் பணம் கொடுத்ததும் இதே குடும்பம்தான், ஆக பழைய நெருக்கம்.

அவருக்கு ஒரு உள்நோக்கமும் இருந்தது. வெள்ளைக்காரர் பம்பாயில் கடை வைக்கலாம் என்றால் இந்தியர் லண்டனில் ஏன் வைக்கக்கூடாது? அங்கே ஒரு கால் ஊன்றிவிட்டால் பின்னால் வரும் மாணவர்களுக்கும் தங்க இடம், கேட்க ஆள் இருக்கும். இந்த எண்ணம் நிறைவேறவும் செய்தது. இங்கிலாந்தில் இறங்கும் இந்திய இளைஞர்கள் முதலில் விசாரிக்கும் முகவரி பல வருடங்களுக்கு அவருடையதாகவே இருந்தது.

வாத்தியார் வேலையையும் முழுதாக விடவில்லை. 1856 முதல் பத்து வருடம் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் குஜராத்திப் பேராசிரியராக இருந்தார்.

காமா கம்பெனியை விட்டு ஏன் விலகினார்?

அபினியும் சாராயமும். அந்தக் காலத்துப் பம்பாய் வணிகத்தில் சீனாவுக்குப் போகும் அபினி மிகப் பெரிய சரக்கு. பார்சிக் குடும்பங்கள் பல அதில்தான் செல்வம் சேர்த்தன. கம்பெனி இந்தச் சரக்குகளைக் கையாள்வது தாதாபாய்க்குப் பிடிக்கவில்லை. அந்த லாபத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்றார். பங்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பங்குதாரராக எத்தனை நாள் இருப்பது? 1858-ல் வெளியேறினார். 1859-ல் தாதாபாய் நௌரோஜி அண்ட் கம்பெனி என்று சொந்தப் பெயரில் பஞ்சு வியாபாரம் தொடங்கினார்.

சொந்தக் கம்பெனி நன்றாக ஓடியதா?

கொஞ்ச காலம் பிரமாதமாக. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. தென் மாநிலங்களின் பஞ்சு வருவது நின்றதும் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடி ஓடிவந்தன. பம்பாயில் பணம் புரண்டது, இருக்கிற கம்பெனி இல்லாத கம்பெனி எல்லாவற்றின் பங்கும் ஏறியது. 1865-ல் போர் முடிந்தது. அமெரிக்கப் பஞ்சு திரும்பி வந்தது, விலை சரிந்தது, பம்பாயின் பெரிய பெரிய தலைகளெல்லாம் உருண்டன. அந்த அலையில் தாதாபாயின் கம்பெனியும் நொடித்தது. பிறகு மெல்ல எழுந்து ஓரளவு நடத்தினாலும் பழைய செழிப்பு வரவில்லை. 1880-களின் தொடக்கத்தில் வியாபாரத்தை மூடிவிட்டு பம்பாய் திரும்பினார்.

பெரிய பணக்கார வணிகராக அவரைக் கற்பனை செய்யக்கூடாது. கணக்கு தெரிந்த, நாணயத்துக்குப் பெயர் வாங்கிய, கடைசியில் கையில் அதிகம் மிஞ்சாத வியாபாரி.

வியாபாரத்துக்கு நடுவே அரசியல் எப்படி நுழைந்தது?

ஆரம்பத்திலேயே. 1859-ல் ஒரு பார்சி இளைஞர் ஐ.சி.எஸ். தேர்வு, அதாவது இந்தியாவை நிர்வகிக்கும் உயர் அதிகாரிகளுக்கான தேர்வு, எழுத லண்டன் வந்தார். அந்த நேரம் பார்த்து வயது வரம்பை 23-லிருந்து 22-க்குக் குறைத்தார்கள். அவர் வெளியே நின்றார். தாதாபாய் அதிகாரிகளுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பலன் இல்லை. ஐ.சி.எஸ். விவகாரத்தை அதன்பின் அவர் கடைசிவரை விடவில்லை.

1866-ல் கிழக்கிந்தியச் சங்கம் தொடங்கினார். அதில் இந்தியாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரிகளையும் சேர்த்துக்கொண்டார். அவர்கள் வாயாலேயே தகவல் வாங்கலாம், அவர்கள் எதிரிலேயே வாதாடலாம். 1867 மே 2 அன்று அந்தச் சங்கத்தில்தான், இந்தியாவின் செல்வம் திரும்பி வராத வழியில் வெளியேறுகிறது என்பதை முதலில் கட்டுரையாக வாசித்தார்.

செல்வச் சுரண்டல் என்கிறார்களே, அது நடைமுறையில் எப்படி நடந்தது?

கப்பலில் தங்கத்தை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கு அவசியமே இருக்கவில்லை. ஒரு உண்டியல், அதாவது ஓர் ஊரில் பணம் கட்டி வேறு ஊரில் பணம் பெறும் சீட்டு, போதும்.

லண்டனில் ஒரு வணிகருக்குப் பம்பாயிலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்குப் பஞ்சு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பம்பாயில் கொடுக்க ரூபாய் வேண்டும், அவரிடம் இருப்பது பவுண்டு. இந்தியாவைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர் பெயரில் லண்டனில் வாரந்தோறும் கவுன்சில் பில் என்ற உண்டியலை விற்பார்கள். வணிகர் பவுண்டைக் கட்டி அதை வாங்கி, பம்பாயில் இருக்கும் தன் ஏஜென்டுக்குத் தபாலில் அனுப்புவார். ஏஜென்ட் அதை அரசாங்கக் கஜானாவில் நீட்டினால் ஒரு லட்சம் ரூபாயை எண்ணிக் கொடுப்பார்கள். அந்த ரூபாயைக் கொடுத்துப் பஞ்சு வாங்கிக் கப்பலேற்றுவார்.

இதில் எல்லாருக்கும் பணம் கிடைத்துவிட்டது, யாரும் யாரையும் ஏமாற்றியதாகத் தெரியாது. இப்போது பேரேட்டைத் திருப்பிப் பாருங்கள். கஜானா கொடுத்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது? விவசாயி கட்டிய நிலவரி, உப்புவரி. அதாவது விவசாயியின் பஞ்சுக்கு விவசாயியின் வரிப்பணமே விலை. பஞ்சு போய்விட்டது. லண்டன் வணிகர் கட்டிய பவுண்டோ இந்தியா பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் அங்கேயே செலவாகிவிடும். ஓய்வு பெற்ற அதிகாரிகளின் பென்ஷன், விடுப்புச் சம்பளம், இந்திய அலுவலகத்தின் செலவு, ராணுவச் செலவில் ஒரு பங்கு, ரயில்வே கம்பெனிகளுக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவீதம் தருவதாக ஒப்புக்கொண்ட வட்டி, இப்படி.

தாதாபாய் இதைச் சுங்கப் புள்ளிவிவரத்திலிருந்து பிடித்தார். பஞ்சு ஏற்றுமதி செய்கிறவனுக்குத் தெரியும்: 100 ரூபாய் சரக்கு அனுப்பினால் அந்த 100-ம், மேலே கொஞ்சம் லாபமும் ஏதாவது ஒரு வடிவில் திரும்ப வர வேண்டும். லாபம் 15 சதவீதம் என்று வைத்து இந்தியா முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டார். போன மதிப்பும் வந்த மதிப்பும் பொருந்தவில்லை, வருடா வருடம் துண்டு விழுந்தது. ஒரு கடையில் இப்படி வருடக்கணக்காக நடந்தால் முதலாளி கல்லாவைத்தான் முதலில் பார்ப்பார். அவரும் பார்த்தார்.

தலைக்கு 20 ரூபாய் என்ற கணக்கு எப்படி வந்தது?

இந்தியனின் சராசரி ஆண்டு வருமானம் என்ன என்று அதுவரை யாரும் முறையாகக் கேட்டதில்லை. அவர் ஒவ்வொரு மாகாணமாக எடுத்து, எவ்வளவு நிலம், என்ன பயிர், ஏக்கருக்கு என்ன விளைச்சல், சந்தையில் என்ன விலை என்று பெருக்கிக்கொண்டே போனார். உப்பு, நிலக்கரி, கைத்தொழில் எல்லாவற்றுக்கும் ஒரு தொகை சேர்த்தார். 1867-70 காலத்துக்கு மொத்தம் 34 கோடி பவுண்டு, ஜனத்தொகை 17 கோடி. தலைக்கு 2 பவுண்டு, அதாவது 20 ரூபாய். மாதத்துக்கு இரண்டு ரூபாய்க்கும் கீழே.

அதிகாரிகளின் அறிக்கைகளில் இருந்த சராசரிகளைப் பார்த்து கணக்கு வாத்தியாருக்குக் கோபம் வந்தது. எப்படி என்று நாமே ஒரு எண் வைத்துப் பார்க்கலாம். ஒரு மாவட்டத்தில் ஒரு லட்சம் ஏக்கரில் ஏக்கருக்கு 10 மூட்டை, இன்னொன்றில் வெறும் ஆயிரம் ஏக்கரில் ஏக்கருக்கு 20 மூட்டை. அதிகாரி 10-ஐயும் 20-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து "சராசரி 15" என்று எழுதிவிடுவார். உண்மையான சராசரி 10-க்குச் சற்று மேலேதான். ஒரு பேரரசு இப்படிப்பட்ட கணக்கை நம்பி, நாடு செழிப்பாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு மனிதன் உயிரோடு இருக்க எவ்வளவு செலவாகும்? இதை இந்தியர் சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்பார்கள். அதனால் அரசாங்கத்தின் வாயிலிருந்தே பதிலை எடுத்தார். ஒன்று, சிறைக் கைதிகளுக்கு உணவுக்கும் உடைக்கும் ஆன செலவு. இன்னொன்று, தோட்டங்களுக்குக் கப்பலில் போகும் கூலிகள் சும்மா உட்கார்ந்து வரும் பயணத்தில் சாகாமல் இருக்க, அரசு மருத்துவ அதிகாரி வகுத்த அரிசி, பருப்பு, எண்ணெய் அளவு. இரண்டுமே 20 ரூபாயில் அடங்கவில்லை. குற்றம் செய்து உள்ளே போனவனுக்குக் கிடைக்கும் சோறு வெளியில் உழைப்பவனுக்குக் கிடைக்கவில்லை என்பதை அரசாங்கத்தின் சொந்தப் பதிவேடே காட்டிக்கொடுத்தது.

அவர் கணக்கில் ஓட்டையே இல்லையா?

உண்டு. வண்டிக்காரர், வக்கீல், நாவிதர் போன்றவர்கள் செய்யும் சேவைகளை வருமானத்தில் அவர் சேர்க்கவில்லை, பொருள் உற்பத்தியை மட்டுமே எண்ணினார். இன்றைய முறைப்படி போட்டால் தொகை கூடும். ஏற்றுமதி உபரி முழுவதையும் இழப்பு என்று எழுதியதையும் பொருளாதார வல்லுநர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கடனாக வந்த முதலில் ரயில் பாதை போட்டார்கள் அல்லவா, அதற்கு வட்டி கொடுப்பது நியாயமான செலவு என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்துக்கு ஓரளவு எடை உண்டு. ஆனால் அந்த வட்டியின் விகிதத்தை முடிவு செய்தபோது, வரி கட்டுகிறவனை யாரும் கேட்கவில்லை என்பதும் அதே பேரேட்டில்தான் இருக்கிறது.

பரோடாவில் என்ன நடந்தது?

1873-74-ல் மல்ஹர் ராவ் கெய்க்வாட் மன்னரின் திவானாகப் போனார். ஊழலில் ஊறிய அரண்மனையை ஒழுங்குபடுத்தப் பார்த்தார். பிரிட்டிஷ் ரெசிடென்ட் (சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி) கர்னல் ஃபேர் அவரை ஆரம்பத்திலிருந்தே விரும்பவில்லை. 1874 நவம்பரில், தான் குடிக்கும் பம்பளிமாஸ் சர்பத்தில் விஷம் கலந்திருந்ததாக ஃபேர் புகார் செய்தது தனி மர்மக் கதை. அந்தக் களேபரத்துக்கு நடுவே தாதாபாய் ராஜினாமா செய்துவிட்டு வந்தார். மன்னரை 1875-ல் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஒரு வருடத்துச் சொச்ச அனுபவம்தான்.

ஒரு இந்தியர் பிரிட்டிஷ் தேர்தலில் எப்படி நிற்க முடிந்தது?

சட்டத்தில் தடையே இருக்கவில்லை. பம்பாயில் பிறந்தவரும் பிரிட்டிஷ் பேரரசின் குடிமகன்தான். வேட்பாளருக்குச் சொத்து இருக்க வேண்டும் என்ற விதியை 1858-லேயே எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் ஒரு சட்டசபைக்கு வாக்களிக்கக்கூட உரிமை இல்லாத மனிதர் லண்டனில் வேட்பாளராக நிற்கலாம்.

1886 ஜூலையில் லிபரல் கட்சிக்காக ஹோல்பர்ன் தொகுதியில் நின்றார். அயர்லாந்துக்குச் சுயாட்சி கொடுப்பதா என்ற சண்டையில் லிபரல் கட்சியே உடைந்திருந்த நேரம். 1,950 வாக்கு வாங்கித் தோற்றார். அதே டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார்.

சால்ஸ்பரி பிரபு அவரைக் "கறுப்பன்" என்றது உண்மையா?

உண்மை. அப்போது பிரதமர் அவர். 1888 நவம்பர் 30 அன்று எடின்பரோ கூட்டத்தில் ஹோல்பர்ன் தேர்தலைப் பற்றிப் பேசும்போது, மனிதகுலம் எவ்வளவு முன்னேறியிருந்தாலும் ஒரு பிரிட்டிஷ் தொகுதி கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை என்ற பொருளில் சொன்னார். கூட்டம் சிரித்தது.

மறுநாளிலிருந்து பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. இரண்டு பேரில் நௌரோஜிதான் வெளுப்பு என்று கிண்டல் செய்தார்கள். அதுவரை அவர் பெயரைக் கேள்விப்படாத ஊர்களில்கூட அவர் யார் என்று தெரிந்துவிட்டது. லிபரல் பிரமுகர்கள் அவருக்கு விருந்து வைத்தார்கள். காசு செலவில்லாமல் எதிரணிப் பிரதமரே விளம்பரம் செய்து கொடுத்த மாதிரி ஆயிற்று. ஆனால் அந்த அனுதாபத்தில் ஒரு கோணல் இருந்தது: "அவர் கறுப்பு இல்லை" என்பதே பலருடைய பதிலாக இருந்தது. கறுப்பாக இருந்தால் என்ன தப்பு என்று கேட்டவர்கள் குறைவு.

1892-ல் எத்தனை வாக்கில் ஜெயித்தார்?

மூன்று. 2,959-க்கு 2,956. மறுபடி எண்ணியபோது வித்தியாசம் ஐந்து என்றார்கள். எதிர்த்து நின்ற கன்சர்வேடிவ் வேட்பாளர் பென்டன் வழக்குப் போட்டு, பிறகு வாபஸ் வாங்கினார். நௌரோஜி என்ற பெயரை வாயில் நுழையாமல் திணறிய ஊர்க்காரர்கள் "நேரோ மெஜாரிட்டி" (மயிரிழை வித்தியாசம்) என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சிதான் அவரைப் படுத்தியது. 1888-லிருந்து நான்கு வருடம் மத்திய ஃபின்ஸ்பரியில் லிபரல் கோஷ்டிகளுக்குள் யார் வேட்பாளர் என்று இழுபறி. ஒதுங்கிக்கொள்ளச் சொல்லிப் பெரியவர்கள் தூது விட்டார்கள். அவர் அசையவில்லை, தெருத்தெருவாகப் போய்க்கொண்டே இருந்தார். தொகுதியில் கிளார்கன்வெல் பகுதி உண்டு. கடிகாரம் செய்பவர்கள், நகைத் தொழிலாளிகள், அச்சுக்கூடக்காரர்கள் நிறைந்த இடம். அவர்களிடம் இந்தியாவைப் பற்றி மட்டும் பேசினால் யார் ஓட்டுப் போடுவார்கள்? எட்டு மணி நேர வேலை, லண்டன் நகராட்சிச் சீர்திருத்தம், அயர்லாந்து, பெண்களுக்கு வாக்குரிமை என்று அவர்களுக்கு வேண்டியதையும் பேசினார். செவிலியர் பணிக்குப் பெயர்போன ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அவரை ஆதரித்தார்.

இதற்கெல்லாம் பணம்?

பெரிய பிரச்சினை அதுதான். அப்போது பிரிட்டிஷ் எம்.பி.க்களுக்குச் சம்பளம் கிடையாது, 1911-ல்தான் வந்தது. வசதியுள்ளவர்களுக்கான வேலை அது. வியாபாரத்தை மூடிய தாதாபாய் சேமிப்பைக் கரைத்தார், இந்தியாவில் நண்பர்களும் சமஸ்தான மன்னர்கள் சிலரும் உதவினார்கள்.

பைபிள் மேல் கைவைத்தா உறுதிமொழி எடுத்தார்?

இல்லை, ஜொராஸ்டிரிய மறைநூலான கோர்தே அவெஸ்தாவின் மேல்.

மூன்று வருடத்தில் என்ன சாதித்தார்?

உருப்படியாகச் சட்டமானது ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய வெற்றி 1893 ஜூன் 2 அன்று கிடைத்தது: ஐ.சி.எஸ். தேர்வை லண்டனிலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானத்தை, கூட்டாளி எம்.பி. ஹெர்பர்ட் பால் மூலம் கொண்டுவந்து 84-க்கு 76 என்று ஜெயித்துக் காட்டினார்கள். அரசாங்கம் அதைக் கிடப்பில் போட்டது. அந்த டிசம்பரில் லாகூர் காங்கிரஸுக்குத் தலைமை ஏற்க வந்தபோது அவருக்குக் கிடைத்த வரவேற்பு மன்னர்களுக்குக்கூடக் கிடைத்திராது. ஆனால் சில வாரங்களுக்கு முன்புதான் டாக்டராக இருந்த ஒரே மகன் ஆர்தேஷிர் இறந்திருந்தார்.

1895 தேர்தலில் லிபரல் கட்சி நாடு முழுக்கத் தோற்றது, இவரும் தோற்றார். அப்போது அமைத்த வெல்பி கமிஷனில் உறுப்பினர் ஆனார். இந்தியாவின் செலவில் எது நியாயம், எதை பிரிட்டன் ஏற்க வேண்டும் என்று பார்க்கும் கமிஷன் அது. உறுப்பினராக இருந்துகொண்டே சாட்சிக் கூண்டிலும் போய் உட்கார்ந்து கணக்குச் சொன்னார். 30 வருடக் கட்டுரைகளையும் சாட்சியங்களையும் கடிதங்களையும் சேர்த்து 1901-ல் ஒரு தடித்த புத்தகமாகப் போட்டார். அதன் பெயர் "இந்தியாவின் வறுமையும் பிரிட்டிஷ் தன்மையற்ற ஆட்சியும்". சுவாரசியமாகப் படிக்க எழுதிய புத்தகம் அல்ல, வழக்குக் கட்டு மாதிரி இருக்கும். சொன்னதையே நான்கு இடத்தில் சொல்வார்.

தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டா?

உண்டு. அதே வெல்பி கமிஷன் முன்னால் 1897-ல் இந்தியாவிலிருந்து போய்ச் சாட்சி சொன்ன நால்வரில் ஒருவர் சுதேசமித்திரன் நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயர். மற்றவர்கள் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி. 1894 சென்னை காங்கிரஸுக்குத் தலைமை வகித்த ஆல்ஃபிரட் வெப் ஓர் ஐரிஷ் எம்.பி.; ஐரிஷ்காரர்களோடு தாதாபாய்க்கு இருந்த நட்பு வட்டத்தைச் சேர்ந்தவர். பாரதியாரும் தாதாபாயைப் பாடியிருக்கிறார்.

காந்தி, ஜின்னா இருவருக்கும் இவர் குருவா?

குரு என்பது பெரிய வார்த்தை. மாணவராக லண்டன் போன காந்தி இவருக்கு ஒரு அறிமுகக் கடிதம் வைத்திருந்தும், பெரியவரைத் தொந்தரவு செய்யக் கூச்சப்பட்டுக் கடைசியில்தான் கொடுத்தார். 1894-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து, நான் அனுபவம் இல்லாதவன், தகப்பன் பிள்ளைக்குச் சொல்வது போல வழி சொல்லுங்கள் என்று எழுதினார். 1906 காங்கிரஸில் தாதாபாய்க்குச் செயலாளராக இருந்தவர் ஜின்னா.

கடைசிவரை மிதவாதிதானா?

அந்த முத்திரை பாதிதான் பொருந்தும். பிரிட்டிஷ் மக்களிடம் உண்மையைச் சொன்னால் நியாயம் கிடைக்கும் என்று நீண்ட காலம் நம்பினார், மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். எம்.பி. பதவி போன பிறகு குரல் மாறியது. 1904-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டில் பேசப்போனார்; அரங்கமே எழுந்து நின்றது. 1906 கல்கத்தா காங்கிரஸில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் கட்சி பிளந்துவிடும் நிலையில் நின்றபோது, இருவரும் மறுக்க முடியாத ஒரே ஆள் என்று 81 வயதுக்காரரைக் கப்பலேற்றிக் கூட்டிவந்தார்கள். குரல் எழவில்லை, அவருடைய உரையைக் கோகலே வாசித்தார். அதில் சுயராஜ்யம் என்ற கோரிக்கை காங்கிரஸ் தலைவர் வாயிலாக வந்தது. அடுத்த வருடம் சூரத்தில் கட்சி எப்படியும் பிளந்தது.

அவர்தான் முதல் இந்திய எம்.பி.யா? அவருக்குப் பிறகு யார்?

ஒரு சின்னத் திருத்தம். 1841-ல் டேவிட் ஆக்டர்லோனி டைஸ் சோம்பர் என்பவர் சட்பரி தொகுதியில் ஜெயித்தார். சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவின் வாரிசு, ஐரோப்பிய-இந்திய கலப்புக் குடும்பம். வாக்காளர்களுக்கு லஞ்சம் கொடுத்ததாக மறு வருடமே அந்தத் தேர்தலை ரத்து செய்தார்கள். அவரை எண்ணினால் தாதாபாய் இரண்டாவது, பெரும்பாலோர் எண்ணுவதில்லை.

தாதாபாய் தோற்ற அதே 1895-ல் மஞ்சேர்ஜி பௌநகரி என்ற இன்னொரு பார்சி, கன்சர்வேடிவ் கட்சியில் ஜெயித்தார். தாதாபாயின் கருத்துகளுக்கு நேர் எதிர். 1922-ல் வந்த ஷாபூர்ஜி சக்லத்வாலா டாட்டா குடும்பத்து உறவினர், கம்யூனிஸ்ட். லிபரல், கன்சர்வேடிவ், கம்யூனிஸ்ட் என்று மூன்று பேரும் மூன்று கட்சி, ஆனால் மூவரும் பம்பாய்ப் பார்சிகள். சக்லத்வாலா 1929-ல் தோற்ற பிறகு பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் மக்களவையில் இந்திய வம்சாவளி எம்.பி. ஒருவர்கூட இல்லை.